சுந்தரலிங்கம் தோப்புக் குதிரைகள்

ஹேமாவதிக்குக் குதிரை என்றால் பயம். இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. மாட்டுக்கு நடுவே வளர்ந்து, இருபது வருடமாக ஊர்ப் பால் சொசைட்டியில் செயலாளராக உட்கார்ந்திருப்பவள் நாலு கால் உள்ள ஒன்றுக்குப் பயப்படுவதாவது! ஆனாலும் பக்கத்துத் தென்னந்தோப்பில் இரண்டு குதிரைகள் வந்து நின்ற நாளிலிருந்து, தன் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற வேலியோரப் பாதையை விட்டுவிட்டு வாய்க்காலைச் சுற்றித்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள். கேட்டால், நடந்தால் உடம்புக்கு நல்லது என்பாள்.

அந்தக் குதிரைகள் வந்ததற்கே அவள்தான் காரணம் என்பது ஊரின் கட்சி. தோப்புக்காரர் சுந்தரலிங்கம் முறைக்கு அவளுக்கு அண்ணன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவர் கொண்டுவந்த பாலில் லாக்டோமீட்டரை விட்டால், அது நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி முங்கியது. தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஹேமாவதிக்கு மெதுவாகச் சொல்ல வராது.

"ஏண்ணே, நேத்து ஒங்க மாடு முல்லையாத்துலயா படுத்துருந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள்.

வரிசையில் நின்ற பதினைந்து பேரும் சிரித்தார்கள். தண்ணீர் கலந்தது அவரா, கறவைக்கு வந்த ஆளா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சுந்தரலிங்கம் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதமே மாடுகளை விற்றார். அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஒரு வெள்ளைக் குதிரையும் ஒரு செவலைக் குதிரையும் வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "இதுக பால் கறக்காதுல்ல. இனி எவ வந்து அளந்து பாக்குறான்னு பாப்போம்" என்று டீக்கடையில் சொன்னாராம். கோபத்தில் மனிதர்கள் என்னென்னவோ வாங்குவார்கள். குதிரை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

சுருளி அருவிக்கு வருகிற கூட்டத்துக்குச் சவாரி விடப்போவதாக ஒரு பேச்சு இருந்தது. அது இரண்டு நாளோடு நின்றது. அதன் பிறகு குதிரைகளைக் கவனித்ததெல்லாம் அவருடைய மனைவி மகாலட்சுமிதான். புல் போடுவாள், தண்ணீர் காட்டுவாள், பேன் பார்ப்பதுபோல உண்ணி பிடுங்குவாள். போன மாசியில் திருப்பூரில் இருக்கிற மகளுக்கு இரண்டாம் பிரசவம், டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று மகாலட்சுமி பஸ் ஏறினாள். தோப்பில் சுந்தரலிங்கமும் குதிரைகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஆனி மாதம் வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்கள். வாய்க்கால் கரை சேறாகிவிட்டதால் ஹேமாவதி வேறு வழியில்லாமல் வேலியோரமாகப் போனாள். போனவள் பாதியில் நின்றுவிட்டாள்.

வெள்ளைக் குதிரையின் விலாவை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம்போல இருந்தது. செவலை பின்னங்காலில் பாரத்தைப் போட்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு மாதிரி சாய்ந்து நின்றது. அதன் குளம்புகள் வளர்ந்து, நுனி மேலே வளைந்து கிடந்தன. முன்னங்காலில் கட்டிய நைலான் கயிறு சதைக்குள் இறங்கி, அந்த இடத்தில் ஈ மொய்த்தது. சுற்றிலும் காய்ந்த தென்னை மட்டைகளும், எட்டாத தூரத்தில் ஒரு கைப்பிடி வைக்கோலும்.

ஹேமாவதி மாட்டுக்கு வெட்டி வைத்திருந்த சோளத்தட்டையில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்தடி தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு வேலிக்கு மேலே வீசினாள். வீசிய கையோடு ஓடினாள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே கொடி கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் சுருளிராஜன் இதை முழுவதும் பார்த்தார்.

"என்ன, வெடிகுண்டா போட்டுட்டு வர்ற?" என்றார்.

"சிரிக்காதீக. அதுக சாகக் கெடக்குதுக. ஒங்க மச்சான் மனுசன்தானா?"

"எனக்கு மச்சான்னா ஒனக்கு அண்ணன். போய்க் கேளு."

"நான் எதுக்குக் கேக்கணும்? பேச்சுவார்த்தையே இல்லாத எடத்துல எனக்கென்ன வந்துச்சு?" என்று சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்துக் கால்நடை டாக்டருக்கு அடித்துவிட்டாள்.

டாக்டர் தேவயானிக்கு ஹேமாவதியை நன்றாகத் தெரியும். சொசைட்டி மாடு எதற்குக் காய்ச்சல் என்றாலும் முதல் போன் அவளிடமிருந்துதான் வரும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அடுத்தவக தோப்புக்குள்ள நான் பாட்டுக்குப் போய் ஊசி போட முடியாதுக்கா. அவக சம்மதிக்கணும். இல்லைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க, போலீஸக் கூட்டிக்கிட்டு வாறேன்" என்றாள்.

எழுதுவது ஹேமாவதிக்குக் கைவந்த வேலை. இரண்டு பக்கம் எழுதினாள். சுருளிராஜன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மேற்படி குதிரை, மேற்படி குதிரைன்னு ஏழு எடத்துல இருக்கு. கீழ்ப்படி குதிரை எங்க?"

"வெளையாடுற நேரமா இது?"

"இல்ல ஹேமா. இதக் குடுத்தா கேஸு நடக்கும். நடக்கிற வரைக்கும் அந்தச் செவலை நிக்குமான்னு பாரு. ஒரு தடவ டாக்டரம்மாவக் கூட்டிக்கிட்டு நேர்ல போ. முடியலைன்னா அப்புறம் குடு."

அவர் அதிகம் பேசாத மனிதர். பேசியது சரியாகவும் இருந்ததால் அவளுக்குக் கோபம் வந்தது. கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவளும் தேவயானியும் தோப்பு வீட்டுக்குப் போனார்கள். சுந்தரலிங்கம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஹேமாவதியைப் பார்த்ததும் முகத்தை ஒரு தென்னைமரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாங்க டாக்டரம்மா. கூட வந்துருக்கவுகளையும் உக்காரச் சொல்லுங்க."

"உக்கார வரலைன்னு சொல்லுங்க டாக்டர்" என்றாள் ஹேமாவதி.

மூன்றடி இடைவெளியில் இருந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு தேவயானி விழித்தாள். ஐந்து வருடம் படித்த படிப்பில் இது வரவில்லை.

"குதிரையெல்லாம் எலும்புந்தோலுமா நிக்குதுன்னு கேளுங்க."

"அந்தச் சாதியே அப்பிடித்தான், ஒல்லியாத்தான் இருக்கும்னு சொல்லுங்க. ரேஸ்ல ஓடுற வகை."

"நிக்கவே முடியல, இதுல ரேஸு எங்க ஓடுறதுன்னு கேளுங்க."

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க" என்றாள் தேவயானி. "சார், நான் அதுகளப் பாக்கணும். நீங்க வந்து தலைக்கயித்தப் புடிங்க. ஒங்களுக்குத்தான் அது அடங்கும்."

சுந்தரலிங்கம் எழுந்தார். நொண்டி நொண்டி நடந்தார். கால் என்ன ஆயிற்று என்று தேவயானி கேட்டதற்கு, வண்டியில் விழுந்தது என்றார். குதிரைகள் நிற்கிற இடத்துக்கு முப்பதடி இருக்கும்போதே அவர் நடை நின்றுவிட்டது. வெள்ளைக் குதிரை தலையைத் திருப்பிப் பார்த்தது. அவ்வளவுதான், அவர் ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த மரமோ அவரில் பாதி அகலம்.

அப்போதுதான் ஹேமாவதி அந்தத் துரட்டியைப் பார்த்தாள். தேங்காய் பறிக்கிற நீளக் கம்பு. வேலியில் சாய்த்து வைத்திருந்த அதன் கொக்கியில் கொஞ்சம் வைக்கோல் மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், தூரத்திலிருந்தே தொட்டிக்குள் பீய்ச்சுவதற்குத் தோதாக நீட்டிக் கிடந்தது. நாலு மாதமாக அவர் இப்படித்தான் தீனி போட்டிருக்கிறார். விழுந்தது பாதி, குதிரைக்கு எட்டியது அதில் பாதி. அவர் நொண்டுவது எந்த வண்டியாலும் இல்லை.

மூன்று வருடமாக அவரை மடக்க ஒரு சந்தர்ப்பம் தேடியவள்தான். பதினைந்து பேர் சிரிக்கும்படி சொல்ல வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நேற்றுக் கண்ணை மூடிக்கொண்டு சோளத்தட்டையை வீசிவிட்டு ஓடியது நினைவுக்கு வந்து, அந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணே" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்கும் பயம்தான். மூணு வருசமா இந்தப் பக்கமே நான் வாரதில்ல."

மரத்துக்குப் பின்னாலிருந்து சுந்தரலிங்கத்தின் தலை மெல்ல எட்டிப் பார்த்தது.

"ஒங்க மதினி கெளம்பிப் போன ஒம்பதாம் நாளு ஒதைச்சிருச்சு" என்றார் அவர், தேவயானியை விட்டுவிட்டு நேராக இவளிடமே. "யாருகிட்டத்தா சொல்ல? குதிர வச்சிருக்கவன் குதிரைக்குப் பயப்படுறான்னு ஊரு சிரிக்கும். அவகிட்டச் சொன்னா பிள்ளைய விட்டுட்டு ஓடி வந்துருவா. ராத்திரியெல்லாம் அதுக கனைக்கிறது கேக்கும். காதப் பொத்திக்கிட்டுப் படுத்துருவேன்."

ஹேமாவதி கைப்பையைத் திறந்தாள். கடிதத்தை அல்ல, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். தூசி என்றாள்.

தேவயானி அன்று ஒரு வழியாகக் கயிற்றை அறுத்து, புண்ணைக் கழுவி மருந்து வைத்து, ஊசியும் போட்டாள். குளம்பு சீவ மட்டும் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்றாள். பெரியகுளத்துக்கு மேலே சோத்துப்பாறையில் அகமலை ஊர்களுக்கு மூட்டை ஏற்றிப் போகிற குதிரைக்காரர்கள் இருக்கிறார்கள். அதில் பலவேசம் என்கிறவரை அவளுக்குத் தெரியும்.

இதற்குள் ஹேமாவதி சும்மா இருப்பாளா? குதிரை என்றால் கொள்ளு என்பதுவரை அவளுக்குத் தெரியும். வீட்டில் இருந்ததிலேயே பெரிய அண்டாவில் கொள்ளை ஊறப்போட்டு, காலையில் சுருளிராஜனைத் தூக்கவைத்துத் தோப்புக்குக் கொண்டுவந்து இறக்கினாள்.

பலவேசம் முதல் பஸ்ஸில் வந்தார். ஒல்லியான ஆள், தோளில் ஒரு சாக்குப்பை. மனிதர்களுக்கு வணக்கம் வைப்பதற்கு முன்னால் குதிரைகளிடம் போய் ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்தார். அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"இது யாருக்குத்தா?"

"குதிரைகளுக்குத்தான்" என்றாள் ஹேமாவதி பெருமையாக.

"கொன்னுபோடும். இம்புட்டு நாள் பட்டினி கெடந்த வயிறு. பச்சப்புல்லு, அதுவும் கொஞ்சங்கொஞ்சமா. கொள்ளெல்லாம் ரெண்டு மாசம் கழிச்சுப் பாப்போம்."

அந்த வாரம் முழுக்க ஹேமாவதி வீட்டில் கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுச் சுண்டல். சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கிடைத்தது. சுருளிராஜன் சாப்பிட்டு முடித்து ஒரு நாள் லேசாகக் கனைத்துக் காட்டினார். அடுத்த வேளைக்கும் அதே துவையல் வந்தது.

பலவேசம் சிறு கத்தியால் பொறுமையாகக் குளம்பைச் சீவினார். சீவியது தேங்காய்ச் சில்லுபோல விழுந்தது. ஒரே நாளில் முழுவதும் சீவக் கூடாது என்று சொல்லி, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்தார். வரும்போதெல்லாம் ஹேமாவதியும் சுந்தரலிங்கமும் ஆளுக்கொரு மரத்தடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சலித்துக்கொண்டார்.

"அதுகளுக்கு ஒங்களப் பாத்துப் பயம். ஒங்களுக்கு அதுகளப் பாத்துப் பயம். நடுவுல நான் எத்தன நாளைக்கு நிக்க? பின்பக்கமாப் போகாதீக. பேசிக்கிட்டே தோள்பக்கமாப் போங்க. என்ன வேணாலும் பேசலாம்."

என்ன பேசுவது என்று சுந்தரலிங்கத்துக்குத் தெரியவில்லை. ஏலக்காய் விலை பேசினார். ஹேமாவதி சொசைட்டிக் கணக்கில் யார் யார் தகராறு என்பதைச் சொன்னாள். குதிரைகள் காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டன. ஊரில் அவள் பேச்சை இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை.

ஆடிக் கடைசியில் செவலை படுத்துவிட்டது. இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. தேவயானி காலையும் மாலையும் வந்து குளுக்கோஸ் ஏற்றினாள்; நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. ஹேமாவதி சொசைட்டிச் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, குதிரையின் தலைமாட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். அது மூச்சு விடும்போதெல்லாம் அவள் கைமேல் சூடாகப் பட்டது. சுந்தரலிங்கம் பக்கத்தில் நின்று ஈ ஓட்டினார். ஒருமுறை, "அன்னைக்குப் பால்ல தண்ணி நான் ஊத்தலத்தா" என்றார். "அன்னைக்கு நானும் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதுண்ணே" என்றாள் அவள். மூன்றாம் நாள் வெயில் ஏறுகிற நேரத்தில் செவலை முன்னங்காலை ஊன்றி, இரண்டு தடவை தடுமாறி, எழுந்து நின்று, அவள் உட்கார்ந்திருந்த சாக்கைக் கடித்தது. பசி வந்துவிட்டது என்றாள் தேவயானி.

புரட்டாசியில் மகாலட்சுமி திருப்பூரிலிருந்து வந்தாள். பையை இறக்கி வைக்காமல் தோப்புக்குள் போய் இரண்டு குதிரைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விலா மூடியிருந்தது. வெள்ளையின் முதுகில் பளபளப்பு வந்திருந்தது. செவலையின் காலில் தழும்பு மட்டும் இருந்தது.

"பரவாயில்லையே, எங்க வீட்டாளு நல்லாத்தான் பாத்துருக்காக" என்றாள்.

ஹேமாவதி வாயைத் திறந்தாள். சுந்தரலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா மதினி. நல்லாத்தான் பாத்தாக" என்றாள்.

சுந்தரலிங்கத்தால் அதைத் தாங்க முடியவில்லை. "அவ சும்மா சொல்றா. நான் நாலு மாசம் பட்டினி போட்டுட்டேன். அவதான் டாக்டரக் கூட்டியாந்தா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்" என்றாள் மகாலட்சுமி. "டாக்டரம்மா வந்த அன்னையிலருந்து ஹேமா வீட்டு அண்ணன் வாரம் தவறாம போட்டோ அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தாக. நீங்க மரத்துக்குப் பின்னால நின்னதும் அதுல இருக்கு. பேரப்பிள்ளையத் தூங்கவைக்கிற நேரமெல்லாம் அதப் பாத்துத்தான் சிரிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிட்டீக, நடுவுல நான் எதுக்கு வந்து கெடுக்கணும்னு பேசாம இருந்துட்டேன்."

மூன்று பேரும் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பினார்கள். சுருளிராஜனுக்குத் திராட்சைக் கொடியில் திடீரென்று மிக அவசரமான வேலை வந்திருந்தது.

மகாலட்சுமி முந்தானையைச் செருகிக்கொண்டு புல்லுக்கட்டைப் பிரித்தாள். வெள்ளைக் குதிரை அவளை அடையாளம் கண்டு கனைத்துக்கொண்டு போனது. செவலை மட்டும் கொஞ்சம் யோசித்தது. பிறகு புல்லை விட்டுவிட்டு, காய்ந்த மட்டைகளை மிதித்துக்கொண்டு மெல்ல நடந்து ஹேமாவதியின் பக்கத்தில் வந்து நின்றது. அவள் அரை அடி பின்னால் போனாள். அப்புறம் அந்த அரை அடியை முன்னால் வந்து, அதன் தோளில் கையை வைத்து, அன்றைக்குச் சொசைட்டியில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.