ஆர்டிஸ் வீட்டு வெந்நீர்

வீட்டுக்குள் நுழைந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஆர்டிஸ் செய்த முதல் காரியம் சமையலறைக் குழாயைத் திறந்ததுதான். காரில் கொண்டுவந்த காபிக் கோப்பையைக் கழுவி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். தண்ணீர் விரலில் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடி ஆவியில் மங்கியது. இழுப்பறையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து ஓடுகிற நீரில் பிடித்தாள். ஃபாரன்ஹீட்டில் நூற்று ஐம்பத்தெட்டு.

மணி ஒன்பது இருபது. பத்து மணிக்குக் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து மிஸஸ் ஓகார்ட் வருகிறார். அவருடைய பையிலும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். பிள்ளைகளை ஒப்படைக்கும் வீட்டில் குழாய்த் தண்ணீர் நூற்றிருபது டிகிரியைத் தாண்டக் கூடாது என்று படிவத்திலேயே போட்டிருந்தது. தாண்டினால் அனுமதி கிடையாது; மறுபடி பார்க்க வருவது ஜனவரி கடைசியில்தான். ஆர்டிஸின் தங்கை கார்லா குடியை விடுவதற்கான சிகிச்சையில் இருந்தாள். அவளுடைய பெண்கள், ஆறு வயது ஹோலியும் மூன்று வயது பிரிட்டாவும், தொண்ணூறு மைல் தள்ளி முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் இருந்தார்கள். இரண்டு நாள் அங்கே தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இப்போதுதான் ஆர்டிஸ் திரும்பியிருக்கிறாள்.

"இன்னும் எத்தனை ராத்திரி தூங்கினா உங்க வீட்டுக்கு வரலாம், பெரியம்மா?" என்று கிளம்பும்போது ஹோலி கேட்டாள்.

"அஞ்சு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

குழாயை மூடினாள். திறந்தாள். நூற்று ஐம்பத்தெட்டு. மூடினாள். அடித்தளத்துக்கு ஓடினாள், வெந்நீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் மேலே வந்தாள்.

இந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். ஆர்டிஸ் வீட்டு முற்றத்தில், கருவிக் கொட்டகை அளவுக்கு ஒரு விறகு உலை நான்கு வருடமாக நிற்கிறது. அதில் கொதிக்கும் தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வந்து வீட்டைச் சூடாக்கும். பெண்கள் வரப்போகிறார்கள் என்றதும், குளிக்கிற தண்ணீரையும் அதே சூட்டில் காய்ச்சிக்கொள்ளலாம் என்று ஆகஸ்டில் முடிவானது. இரண்டு தண்ணீரும் கலக்காமல் சூடு மட்டும் கைமாறுவதற்கு ஒரு எக்ஸ்சேஞ்சர் வேண்டும். எதை வாங்குவது என்று சமையலறை மேஜையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடந்தது.

"தகடு வச்சதை வாங்கு, ஆர்டிஸ். ஒரு தடிப் புஸ்தகம் சைஸ்தான் இருக்கும். குழாயைத் திறந்த நிமிஷம் சுடச்சுட வரும்" என்றான் அவளுடைய அண்ணன் டுவேன். "நீ சொல்ற குழாய்க்குள்ள குழாய் சமாச்சாரம் இருக்கே, அது ஆமை."

அவள் கெட்டிலைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். "உள்ள பாரு அண்ணா."

அடியில் வெள்ளையும் துருவுமாக ஓடு கட்டியிருந்தது.

"ஜூன் மாசம்தான் சுரண்டிக் கழுவினேன். நம்ம கிணத்துத் தண்ணி கெட்டிலையே இந்தப் பாடு படுத்துது. உன் தகட்டுக்கு நடுவுல ஒரு காசுகூட நுழையாது. ரெண்டே வருஷத்துல அடைச்சுக்கும். அப்ப யாரு கழட்டி ஆசிட் ஊத்துறது, நீயா?"

டுவேன் அவள் கணவன் பக்கம் திரும்பினான். "மாப்ள, என் தங்கச்சி கெட்டிலாலயே என்னை அடிச்சுட்டா, பாத்தியா."

"தினம் வாங்குறவன் நான், மச்சான். நீ ஒரு நாளைக்கே அழுவுற" என்றான் நெல்ஸ்.

குழாய் வகையே வந்தது. தொட்டியின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறித் தொட்டிக்குள் போகும், குளிர்ந்தது கீழே இறங்கி வரும். ஓடு கட்டினாலும் அடைத்துக்கொள்ள வருடக்கணக்காகும். ஒரே ஒரு குறை, எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உலை எரிகிற வரை இரவு பகலாகத் தொட்டியைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் குறிப்பேட்டில், 'கலப்பு வால்வு, கட்டாயம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். தொட்டியின் வாயில் அதைப் பொருத்தினால், பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைத்து அனுப்பும். அக்டோபரில் வால்வு வந்தும் சேர்ந்தது. நெல்ஸ் பெட்டியைப் பிரிக்காமல் அடித்தள அலமாரியில் வைத்தான்.

"மான் வேட்டை சீசன் முடியட்டும். என்ன அவசரம்?"

அவள் தினமும் அளந்து எழுதிவந்தாள். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினான்கு. சனிக்கிழமை சானா என்கிற நீராவிக் குளியலுக்கு வந்தவர்கள் எல்லாரும் குளித்துவிட்டுப் போன பிறகு நூற்று நான்கு. "பாத்தியா, வால்வே வேண்டாம் போல" என்று நெல்ஸ் சிரித்தான். அவளும் நம்பிவிட்டாள். பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, எல்லாரும் குளித்து, தொட்டி காலியாகிப் பச்சைத் தண்ணீர் நிரம்பின பிறகுதான் ஒவ்வொரு நாளும் அளந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. நவம்பர் பதினைந்து, வேட்டை திறந்த நாள். நெல்ஸ் காட்டுக் குடிலுக்குப் போனான், அவள் பிள்ளைகளிடம் போனாள். இரண்டு நாளாக வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்கவில்லை. உலைக்கு விறகு போட ஒப்புக்கொண்ட டுவேன் தங்கைக்கு உதவுகிற உற்சாகத்தில் வேளா வேளைக்கு வாய் முட்டத் திணித்திருந்தான்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு நெல்ஸின் லாரி வந்தது. ஆரஞ்சு ஜாக்கெட்டோடு உள்ளே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"என்ன ஆச்சு?"

"நூத்தி அம்பத்தெட்டு."

அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜையில் போட்டான். "ஒண்ணும் பதறாத. உலைக் குழாயை மூடிடறேன். நீ எல்லாக் குழாயையும் தொறந்து விடு. இருவது நிமிஷம் ஓடினா தொட்டி ஆறிடும். அந்தம்மா வந்து அளந்துட்டுப் போகட்டும். வால்வை நாளைக்கு மாட்டிடலாம்."

"நாளைக்கா?"

"நாளைக்குக் கட்டாயம். சத்தியமா."

ஆர்டிஸ் குளியலறைக்குப் போய்க் குளியல் தொட்டிக் குழாயை முழுக்கத் திருகிவிட்டாள். பிறகு கைகழுவும் குழாயை. ஆவி கண்ணாடியில் ஏறியது. தெர்மாமீட்டரைப் பிடித்தாள், மணி பார்த்தாள், மறுபடி பிடித்தாள். நூற்று ஐம்பத்தொன்று. நூற்று நாற்பத்து மூன்று. இறங்குகிறது. சரியாக வந்துவிடும். அடுத்த குழாய்க்குப் போகலாம் என்று திரும்பியவள், காலில் ஏதோ இடறவே குனிந்தாள். பிரிட்டாவுக்குக் குழாய் எட்டுவதற்காகப் போன வாரம் வாங்கி வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் முக்காலி. அதை ஓரமாக நகர்த்தினாள். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு குழாயையும் மூடினாள்.

"ஏன் மூடிட்ட?" நெல்ஸ் படியிலிருந்து குரல் கொடுத்தான்.

"நீ போன மாசமும் நாளைக்குன்னுதான் சொன்ன."

"ஆர்டிஸ், அனுமதி போயிடும்."

"தெரியும். பெட்டியை எடு. டுவேனைக் கூப்பிடு, குழாய் வெட்டுறதைக் கொண்டுவரச் சொல்லு."

மிஸஸ் ஓகார்ட் சொன்ன நேரத்துக்கு வந்தார். குட்டையான பெண்மணி, பனிக்குப் போட்ட பூட்ஸை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். அவர் பையைத் திறப்பதற்குள் ஆர்டிஸ் சொல்லிவிட்டாள்.

"மேடம், குழாயில கை வைக்காதீங்க. காலையில நூத்தி அம்பத்தெட்டு இருந்துது. நான் கொஞ்சம் தொறந்து விட்டுட்டேன், அதனால இப்பக் குறைவாக் காட்டும். அதை நம்பாதீங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதை ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க?"

"சின்னவளுக்கு மூணு வயசு. பச்சைத் தண்ணி எது, சுடுதண்ணி எதுன்னு இன்னும் தெரியாது."

கீழே இரும்பில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது. டுவேன் வந்துவிட்டான். "தகடு வாங்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல" என்று அவன் குரல் படியேறி வந்தது.

"தகட்டுக்கும் இதே வால்வு வேணும், வாயை மூடிக்கிட்டு வெட்டு" என்றது நெல்ஸின் குரல்.

மிஸஸ் ஓகார்ட் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னொரு வீடு இருக்கு. மூணு மணிக்கு இந்தப் பக்கமாத்தான் திரும்புவேன். உலையை முழுசா எரிய விடுங்க. ஒரு குழாயையும் தொறக்காதீங்க. அப்ப அளப்பேன். ஒரே ஒரு தடவைதான்."

வால்வு வேலை பன்னிரண்டரைக்கு முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் ஆர்டிஸ் உட்காரவில்லை. படுக்கைகளை விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். நிமிடத்துக்கொரு முறை கீழே போய்ப் பற்றவைத்த மூட்டுகளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். குழாயைத் திறக்கக் கை நமநமவென்றது. திறக்கக் கூடாது என்பதால் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்று ஐந்துக்கு மிஸஸ் ஓகார்ட் முதலில் அடித்தளத்துக்குப் போய்த் தொட்டியின் மேலிருந்த வெப்பமானியைப் பார்த்தார். நூற்று அறுபத்திரண்டு. மேலே வந்து குளியலறையில் மஞ்சள் முக்காலியைத் தாண்டி நின்று, சுடுதண்ணீரை முழுக்கத் திறந்து தெர்மாமீட்டரைப் பிடித்தார். அது ஏறியது, தயங்கியது, நின்றது.

"நூத்திப் பதினேழு" என்றார். எழுதினார். கையெழுத்துப் போட்டார். "புதன்கிழமை அழைச்சுட்டு வரலாம்."

கார் தெருமுனை திரும்பும் வரை ஆர்டிஸ் ஜன்னலில் நின்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து தெர்மாமீட்டரைப் பிடித்தாள். சமையலறையில் பிடித்தாள். திரும்பவும் குளியலறைக்கு வந்தாள்.

"இன்னும் எத்தனை தடவை?" என்றான் நெல்ஸ், கதவு நிலையில் சாய்ந்து.

"பிள்ளைங்க வர்ற வரைக்கும்."

"வந்தப்புறம்?"

"வந்தப்புறம் குளிக்க வைக்கிறதுக்கு முன்னாடி" என்றாள் அவள், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒவ்வொரு தடவையும்."