வாளிச் சோதனை

அக்காவின் மீன் கடையில், மீன் வெட்டும் அறைக்குச் சன்னல் கிடையாது. ஈக்கள் வரக் கூடாதென்று, கட்டும்போதே அக்கா அதை வேண்டாமென்றுவிட்டாள். ஆகவே அங்கே வெளிச்சமென்றால் மேசைக்கு மேலுள்ள ஒற்றை விளக்குத்தான். சென்ற மாதம் ஒருநாள் முற்பகலில், தங்கை பெரிய மீனொன்றின் தலையை அரிந்துகொண்டிருந்த கணத்தில், அது பட்டென்று அணைந்தது. கத்தி நிற்கவில்லை. இடக்கைச் சுட்டுவிரலில் ஐந்து தையல்.

விளக்குக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. புகாமல் என்ன செய்யும்? வேலை முடிந்ததும், செதிலும் குருதியும் போகும்படி, சுவர், மேசை, கூரை அனைத்தையும் அழுத்தக் குழாயால் பீய்ச்சிக் கழுவுவது அவ்விடத்து நியமம்.

“புது விளக்கு மாட்டுறேன். இனிமே அணையவே அணையாது. அது என் பொறுப்பு” என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். கட்டுப் பிரித்த விரலோடு தங்கை மறுபடியும் கத்தியை எடுத்தது அந்த வாக்கை நம்பித்தான்.

எலெக்ட்ரீஷியன் அக்காவின் கொழுந்தன். கூப்பிட்ட மூன்றாம் நாள் வந்து சேருகிறவர் என்பதால் அவருக்கு ‘மின்னல்’ என்று பெயர். அவர் இரண்டு எல்.இ.டி. விளக்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் ஐபி 66 என்றும், மற்றொன்றில் ஐபி 67 என்றும் அச்சிட்டிருந்தது.

“அண்ணி, இதுல முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. தூசி ரெண்டுக்குள்ளயும் போகாது. தண்ணி விஷயத்துலதான்…”

“ஆறு பெருசா, ஏழு பெருசா?”

“ஏழுதான். ஆனா…”

“அப்புறம் என்ன ஆனா, ஆவன்னா? ஏழையே மாட்டு.”

அண்ணன் மனைவியை எதிர்த்துப் பேசிப் பழகாத மின்னல் ஏழின் பெட்டியைப் பிரித்தார்.

ஆயினும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, எரியும் விளக்கை அதற்குள் இறக்கச் சொன்னாள். அது குறைந்த மின்னழுத்தத்தில் எரிவது. மின்மாற்றி வெளியே இருந்தது. ஆகையால் மின்னல் தடுக்கவில்லை. அரைமணி நேரம் அது வாளியின் அடியில் நிலாப்போலக் கிடந்து எரிந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு துளியும் இல்லை.

“பாத்தியாடி? மீனாட்டம் இருக்கு” என்று அக்கா தங்கையிடம் பெருமைப்பட்டாள்.

அதை மாட்டிய பதினோராம் நாள், கண்ணாடி மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தது. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. தங்கை கத்தியைக் கீழே வைத்தாள், கை கழுவினாள், வெளியே போனாள். சற்று நேரத்தில் தராசுத் தட்டின்மேல் ஒரு கடிதம் இருந்தது.

“அக்கா, இந்த விளக்கை நம்பிக் கத்தி பிடிக்க என்னால் இயலாது. இம்மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன்.”

ஒரே வீட்டில் உண்டு உறங்குகிறவள், வாய்விட்டுச் சொல்லாமல் எழுதி வைத்ததுதான் அக்காவைச் சுட்டது.

அன்று மின்னல் ஒருமணி நேரத்திற்குள் வந்துவிட்டார்.

“விளக்குக் கடைக்காரன் ஏமாத்திட்டான்!” என்றாள் அக்கா.

“இல்ல அண்ணி. ஏழுன்னா, ஒரு மீட்டர் ஆழத்துல அரைமணி நேரம் முங்கிக் கிடந்தா தாங்கும்னு அர்த்தம். முங்குறது வேற, அடி வாங்குறது வேற. பீய்ச்சி அடிக்கிற தண்ணிக்கு அஞ்சு. இன்னும் வேகமா அடிச்சா ஆறு. ஏழு போட்டிருக்கிறதால ஆறையும் தாங்கும்னு ஆகாது. ரெண்டும் தாங்கும்னா ரெண்டு எண்ணையும் போட்டிருப்பாங்க.”

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன கேடு?”

“‘ஆனா’ வரைக்கும் வந்தேனே!”

வாசற்படியில் நின்ற தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இறால் பெட்டியில இருபதுன்னா பெருசு, அறுபதுன்னா பொடிசு, அது கிலோவுக்கு எத்தனைங்கிற கணக்குன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பியே. விளக்குப் பெட்டியைப் பாத்ததும் அதெல்லாம் எங்க போச்சு?”

அக்கா மூலையிலிருந்த வாளியைப் பார்த்தாள். இந்த அறையில் விளக்கை எவர் முக்கப் போகிறார்? அறையில் அன்றாடம் நடப்பதை விட்டுவிட்டு, தன் மனம் சமாதானமடைவதற்கு எது போதுமோ அதை மட்டும் சோதித்திருக்கிறாள். தையல் போட்ட விரலிடம் கொடுத்த வாக்குக்கு அந்தச் சமாதானத்தையே பிணையாக்கியும் விட்டாள்.

ஐபி 66 விளக்கு மாட்டப்பட்டது. மின்னல் கண்ணாடி மூடியைப் பொருத்துமுன் அக்கா அவரைத் தடுத்தாள். மடியிலிருந்த கடிதத்தை எடுத்து, மடித்து, விளக்கின் உள்மூலையில் செருகினாள்.

“மைப் பேனாவுல எழுதினது. ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டிக் கொடுத்துடும். இப்ப மூடு.”

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அழுத்தக் குழாயை அவளே பிடித்தாள். மேலிருந்தும், பக்கவாட்டிலும், வயர் நுழையும் கழுத்திலும், நாள்தோறும் கழுவுகிற அதே வேகத்தில், கை கடுக்கும்வரை பீய்ச்சினாள். பிறகு மின்னல் வெளிப்புறத்தைத் துடைத்து, திருகாணிகளைக் கழற்றினார்.

தங்கை கடிதத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் விரித்தாள்.

“ஒரு எழுத்துகூடக் கலையல. அப்ப என் கடுதாசி செல்லும்தானே?”

“செல்லும்” என்றாள் அக்கா. “இருன்னு உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்டி. என் வாக்கு ஒருதரம் நனைஞ்சு போச்சு.”

தங்கை அதைக் கிழிக்கவில்லை. எழுத்து வெளியே தெரியும்படி மடித்து மின்னலிடம் நீட்டினாள்.

“இருந்த இடத்துலயே வச்சு மூடுங்க. தினமும் கழுவினப்புறம் நானே பாத்துக்கிறேன். மை கலைஞ்ச அன்னிக்கு நான் கிளம்பிடுவேன்.”

மின்னல் மூடியைத் திருகி, சுவிட்சைப் போட்டார். விளக்கின் ஓரத்தில் ‘நின்றுகொள்கிறேன்’ என்ற சொல் பளிச்சென்று தெரிந்தது. தங்கை அதற்குக் கீழே நின்று கத்தியை எடுத்தாள்.