பால் டப்பாவும் முயல் ஆன்டிபாடியும்

மேசையின் தலைமாட்டில் பேராசிரியர் கோ. அவருக்கு வலப்பக்கம், முகம் கொடுக்காமல், ஆய்வு மாணவி ஷியூ-லுவான். கதவோரம், எழுந்து ஓட வசதியாக, ஆன்டிபாடி விற்கும் சுவாங். ஜன்னல் பக்கம், ஆய்வகக் கடிதங்களை எழுதுகிற நான். படமெடுக்கும் இயந்திரத்தின் தலையில், அது மக்கர் செய்யாதிருக்க நாங்கள் ராசிக்காக வைத்த பச்சை உறைப் பொரிப் பொட்டலம்.

நடுவில், கரிச்சட்டி போல முழுக்கக் கறுத்த படம் ஒன்று கிடந்தது.

உயிரணுவுக்குள் ஒரு சவ்விலிருந்து இன்னொன்றுக்குக் கொழுப்பைச் சுமக்கும் புரதம் உண்டு. அதை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ள வேண்டியது, முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த அந்த ஆன்டிபாடி. ஒட்டினால் படத்தில் ஒற்றைக் கோடு விழும். இதுவோ கண்ட இடத்திலெல்லாம் ஒட்டியிருந்தது.

"கல்யாண வீட்ல குடிச்சிட்டு எல்லாரையும் கட்டிப் பிடிக்கிறவன் மாதிரி இருக்கு உங்க ஆன்டிபாடி" என்றார் பேராசிரியர்.

"எங்க முயல் ரொம்ப ஒழுக்கமான முயல், சார்" என்றார் சுவாங்.

"உங்க கம்பெனிக்குப் புகார் அனுப்பியாச்சு. இத நம்பி இவ எழுதின அத்தியாயத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்."

அந்த அத்தியாயம் போனால் ஷியூ-லுவானுக்கு இந்தக் கோடையில் பட்டம் இல்லை.

வந்தவரை வெறுமனே அனுப்பலாமா? பேராசிரியர் தேநீர் ஊற்றினார். சுவாங் உறிஞ்சிவிட்டு, "அடடா, ஹேசல்நட் வாசனை! என்ன பால் சார்?" என்றார்.

"நம்ம லேப் டப்பாப் பால்தான்."

ஷியூ-லுவான் நிமிர்ந்தாள். அது குடிக்கிற பால் அல்ல. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதிருக்க, புரதங்களைப் பதித்த படலத்தை ஊறவைக்கிற பால்பொடி. அதற்கு ஏது ஹேசல்நட் வாசனை? ஓடிப்போய் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள்.

"சார், இதுல யார் கை வெச்சது?"

"தினம் ஒரு ஸ்பூன்தாம்மா எடுத்தேன். தீர்ந்ததும் கீழ்க்கடையில வாங்கி ரொப்பிட்டேனே! வெள்ளைப் பொடிதானே?"

"காபிக்குப் போடுற கிரீம் பொடி சார் அது! பாதி சர்க்கரை, பால் புரதம் பேருக்குத்தான். எப்படிப் படலத்த மூடும்?"

"பொரிப் பொட்டலத்தையாவது விட்டு வெச்சீங்களே" என்றேன் நான்.

மறுநாள் நிஜப் பால்பொடியில் ஊறவைத்தாள். சாதாரண உயிரணுக்களில் ஒற்றைக் கோடு. அந்தப் புரதத்தை நீக்கிய உயிரணுக்களில் சுத்தமான வெறுமை. படத்தைப் பேராசிரியரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அத்தியாயம் பிழைத்தது.

"புகாரை வாபஸ் வாங்கி எழுதிடும்மா" என்றார் அவர் என்னிடம். "நம்ம பக்கம் சின்னக் கவனக்குறைவுன்னு போடு."

"யாரோட டீயாலன்னும் போடுங்கக்கா" என்றாள் அவள்.

போட்டேன். அவர் படித்து, பெருமூச்சு விட்டு, கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பு மையில் தன் பெயர் முத்திரையைக் குத்தினார். "அவசரமில்ல. சாதாரணத் தபால் போடுற பச்சைப் பெட்டியே போதும்."

உறையை ஒட்டினேன். தெருமுனையில் பச்சைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது விரைவுத் தபாலுக்கான சிவப்புப் பெட்டி. அதில் போட்டேன்.