சீதனக் காரின் ஸ்ராட்டர்

நடராசாவின் கார் ஸ்ராட் எடுக்கவில்லை என்ற செய்தி பஸ் கொண்டக்டர் மூலமாகத்தான் வேலணைக்கு வந்தது. செய்தியோடு ஒரு வசனமும் ஒட்டிக்கொண்டு வந்தது: "தந்தவையே வந்து பாக்கட்டாம்."

வேலணையில் கார் திருத்தும் கராச் வைத்திருந்த கதிர்காமு, கையிலிருந்த லொறி வேலையை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பனர் பையைத் தூக்கிக்கொண்டு புங்குடுதீவு பஸ்ஸில் ஏறினான். தங்கை கமலாதேவியைப் புங்குடுதீவு மடத்துவெளியில் நடராசாவுக்குக் கட்டிக் கொடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. காணியும் நகையும் போதாது என்று மாப்பிள்ளை வீட்டார் இழுத்தபோது, தன் கராச்சில் கிடந்த பழைய ஒஸ்ரின் காரை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டிச் சீதனத்தோடு சேர்த்துக் கொடுத்தவன் அவன். நடராசா அதைக் குறிகட்டுவான் துறையில் வாடகைக்கு ஓடினான். நயினாதீவுக் கோயிலுக்குப் படகில் போய்வரும் சனத்தால் ஓட்டத்துக்குக் குறைவிருக்கவில்லை.

படலையைத் திறக்கும்போதே கமலாவின் மாமியார் இலட்சுமிப்பிள்ளை தொடங்கிவிட்டாள்.

"வாரும் தம்பி. கோயிலுக்கு வந்த சனத்தை இறக்கிக் கார் தள்ளவிட்டவனாம் என்ர பிள்ளை. துறையடியிலை பாத்தவையெல்லாம் சிரிச்சவையாம்."

நடராசா சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பவில்லை. "ஒரு கிழமையா எடுத்தும் எடுக்காமலும் நிண்டது. மூண்டு நாளாச் சுத்தமா இல்லை."

"முன்னாலை கைபிடி போட்டுச் சுத்தினா எடுக்குமே மச்சான்?"

"எடுக்கும். கைபிடி சுத்திறதுக்கோ எனக்குக் கார் தந்தனீர்?"

கதிர்காமு காருக்குள் ஏறினான். முன் லைற்றைப் போட்டான், பளிச்சென்று எரிந்தது. பற்றரியில் குறை இல்லை. ஸ்ராட்டர் குமிழை இழுத்தான். எஞ்சின் அசையவில்லை, வெளிச்சமும் மங்கவில்லை. எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்ராட்டர் மோட்டர் இறுகிப்போயிருந்தால் வெளிச்சம் செத்திருக்கும். மங்காமல் நிற்கிறதென்றால் மோட்டருக்குள் கரண்ட் போகவே இல்லை. உப்புக் காற்றில் வயர் முனைகள் பூத்துப்போவது தீவில் வழமை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனதார விரும்பினான். முனைகளையெல்லாம் கழற்றி அரத்தாளால் தேய்த்துப் பூட்டி மறுபடி இழுத்தான். இல்லை. கரண்ட் நேரே மோட்டருக்குப் போகட்டும் என்று சுவிச்சின் இரண்டு முனைகளையும் பெரிய ஸ்பனரால் சேர்த்துப் பிடித்தான். ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. பிழை மோட்டருக்குள்ளேதான்.

கமலா ஒரு சாக்கைக் கொண்டுவந்து காருக்குக் கீழே விரித்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே குசினிக்குள் போய்விட்டாள்.

மோட்டரைப் பிடித்திருந்த இரண்டு போல்ற்றுகளின் விளிம்புகளும் புதிதாகக் கடிபட்டிருந்தன. அளவு தெரியாமல் எவனோ ஸ்பனர் போட்டிருக்கிறான். மோட்டரை வெளியில் எடுத்துத் தகட்டுப் பட்டியை விலக்கினான். உள்ளே பிறஸ் என்கிற கரிக்கட்டைகள் நகத்தளவுக்குத் தேய்ந்து, சுழலும் செப்பு உருளையைத் தொடமாட்டாமல் நின்றன. செப்பும் தீய்ந்து கறுத்திருந்தது.

கல்யாணத்துக்கு முதல் கிழமை அவன் போட்டவை புத்தம்புதுக் கரிக்கட்டைகள். வெளிநாட்டுச் சாமான் வரவே நின்றுபோன எழுபத்து நாலாம் ஆண்டில், யாழ்ப்பாணமெல்லாம் அலைந்து பிடித்தவை. ஆறு வருடம் ஓடவேண்டியவை ஆறு மாதத்தில் தேயுமா? செப்பையும் அவன் கடைந்து மினுக்கியிருந்தான். இது அவன் பூட்டிய மோட்டரே அல்ல.

நிமிர்ந்து பார்த்தான். வளவு மூலையில் நடராசாவின் தமையன் தம்பிஐயாவின் கார் கிடப்பது வழக்கம். அதுவும் இதே ஒஸ்ரின்தான். கல்யாணத்தன்று அதற்குள் கோழியொன்று அடைகிடந்தது. இப்போது அந்த இடத்தில் எண்ணெய்க் கறை மாத்திரம் இருந்தது.

"தம்பிஐயா அண்ணையின்ர கார் ஓடுது போல?"

"ஓம், பத்து நாளா ஓடுது," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "ஆரோ ஸ்ராட்டர் எடுத்துக் குடுத்தவையாம்."

நடராசா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

கதிர்காமு கை கழுவக் கிணற்றடிக்குப் போனான். கமலா தண்ணீர் அள்ளி ஊற்றினாள்.

"மோட்டரை மாத்தியிருக்கினம். உனக்குத் தெரியுமோ?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தெரியும். அவர் கழட்டேக்கை போல்ற்றுகளை நான்தான் கையிலை வாங்கி வைச்சனான்."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எழுதினா? நீங்கள் வந்து கேப்பியள். அவை இல்லையெண்டு சொல்லுவினம். சண்டை பிடிச்சுப்போட்டு நீங்கள் பஸ் ஏறிப் போயிடுவியள். நான் இஞ்சைதானே இருக்கவேணும்?" அவள் குரல் இறங்கியது. "தமையன் கேட்டா அவராலை மறுக்க ஏலாது அண்ணை. தயவுசெய்து ஒண்டும் கதையாதையுங்கோ."

அவன் வீட்டுக்குள் வந்தான். நடராசாவின் கதிரைக்கு முன்னால் நின்று சொன்னான்:

"பிழை என்ரைதான் மச்சான். நான் போட்ட பிறஸ் தரமில்லை. கொண்டுபோய்ச் செய்துகொண்டு வந்து பூட்டிவிடுறன்."

நடராசா பேப்பரை மெல்ல இறக்கினான். சண்டைக்கு ஆயத்தமாக இருந்தவன் அவன். சண்டை வராது என்று தெரிந்ததும் குரல் உயர்ந்தது.

"அதைத்தானே நான் முதலே சொன்னனான்."

தேத்தண்ணியோடு வந்த கமலா, கணவனுக்கு நீட்டியபடியே சொன்னாள்: "அண்ணை அப்பவே ஒழுங்காச் செய்து தந்திருந்தா இவருக்கு இந்த வெக்கக்கேடு வந்திராது."

இலட்சுமிப்பிள்ளை தலையாட்டினாள். கதிர்காமு தங்கையைப் பார்த்தான். கதைக்க வேண்டாம் என்று கேட்டாள், அவன் கதைக்கவில்லை. இப்படிச் சொல்லும்படி ஒருவரும் அவளிடம் கேட்கவில்லையே.

தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் வாசலில் தம்பிஐயாவின் கார் வந்து நின்றது.

"ஏறும், பஸ்ஸடியிலை விடுறன்," என்றான் தம்பிஐயா.

மறுத்தால் காரணம் கேட்பார்கள். தேய்ந்த மோட்டரை மடியில் வைத்துக்கொண்டு கதிர்காமு ஏறினான். தம்பிஐயா குமிழை இழுத்தான். ஒரே இழுவையில் எஞ்சின் பிடித்தது. அந்த மோட்டரின் சத்தம் கதிர்காமுவுக்குத் தெரியும்.

"உம்மடை வேலை நல்ல வேலை எண்டு கேள்விப்பட்டனான்," என்றான் தம்பிஐயா, தெருவைப் பார்த்தபடி. "இப்ப கொஞ்சம் கவனம் குறைஞ்சுபோச்சோ?"

"ஓம் அண்ணை."

இரண்டு கிழமையில், லொறி மோட்டர் ஒன்றின் கரிக்கட்டைகளை அரத்தால் ராவி அளவாக்கிப் போட்டு, கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தான். கார் ஓடியது. ஆனால் அவன் வேலை தரமில்லை என்ற கதை அதற்கு முன்பே ஓடிவிட்டிருந்தது. புங்குடுதீவிலிருந்து அவனிடம் வந்துகொண்டிருந்த இரண்டு கார்க்காரர் அந்த வருடமே யாழ்ப்பாணத்துக் கராச்சுக்கு மாறிவிட்டார்கள்.

நடராசாவோடு அவன் பழையபடி கதைத்துப் பேசினான். அந்த மனுசன் அப்படித்தான் என்று விட்டுவிட முடிந்தது. கமலாவை அப்படி விட முடியவில்லை.

அடுத்த வருடம் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூத்த பிள்ளை பிறந்தது. கதிர்காமு பழமும் பால்மாவும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். பிள்ளையைத் தூக்கினான். பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அவள், "அண்ணை, அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னது..." என்று தொடங்கினாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று பிள்ளையை அவளருகில் கிடத்திவிட்டு அவன் வெளியே வந்தான். பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.