அடித்துவிட்ட சொல்

காலை பத்து மணிக்கு வரவேண்டிய வலிமருந்தை மார்வா வேண்டாமென்று தள்ளிவிட்டாள். மதியம் ஒன்றாகியும் தள்ளிக்கொண்டேதான் இருந்தாள். மருந்து இறங்கினால் வலி அடங்கும். கூடவே புத்தியும் அடங்கிப்போகும். தெளிந்த புத்தியோடு போட்ட கையெழுத்துத்தான் செல்லும் என்று அவளிடம் சொன்னவள் வக்கீல் பெர்னிஸ். ஏன் சொன்னோம் என்று ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பெர்னிஸ் இப்போது நொந்துகொண்டிருந்தாள். மார்வாவின் விரல்கள் போர்வையைப் பிடித்த பிடியில் கணுக்கள் வெளுத்திருந்தன.

பெர்னிஸ் கோவல் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. ஹார்ட்ஃபோர்டில் ஆஸ்பத்திரிகளுக்குக் காப்பீடு தரும் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் இருபத்தாறு வருடமாக மேசை வேலை. அந்தப் பிரிவில் இருப்பவர்கள் வருடத்துக்கு இருபது மணி நேரமாவது இல்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் சட்ட வேலை செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் மனசுக்காகச் செய்வார், ஒருத்தர் பதவி உயர்வுக்காகச் செய்வார். பெர்னிஸ் எதற்காகச் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. கம்பெனியின் ஆண்டு மலருக்கு, ‘நான் ஏன் இதைச் செய்கிறேன்’ என்று ஐம்பது வார்த்தை எழுதித் தரும்படி அவளுடைய மேலதிகாரி டக் கேட்டிருந்தார். மூன்று வாரமாக அந்தத் தாள் கைப்பையில் வெறுமையாகவே கிடந்தது.

“வக்கீலம்மா, உங்க ஆபீஸ் ஆளுங்க நடந்தே வர்றாங்களா?” என்றாள் மார்வா. சிரிக்கப் பார்த்தாள்; பாதியில் முகம் கோணிக்கொண்டது.

சாட்சிக் கையெழுத்துப் போட ஆபீஸிலிருந்து இரண்டு பேர் கிளம்பியிருந்தார்கள். பனி கொட்டு கொட்டென்று கொட்டியதில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். பாதி வழியிலேயே திரும்பிவிட்டோம் என்று சற்று முன்தான் செய்தி வந்தது. பெர்னிஸ் அதை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விஷயம் சின்ன விஷயம்தான். மார்வாவுக்கு எட்டு வயதில் ஒரு பெண், கெஸியா. அப்பன் இரண்டு வருடம் முன்பு லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். மார்வாவும் போய்விட்டால் பிள்ளையைச் சர்ச்சுத் தோழி இசில்டா வளர்ப்பாள் என்று ஒரே ஒரு தாள். மார்வா கையெழுத்துப் போட வேண்டும். போடுவதை அதே அறையில் நின்று பார்த்து இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். தாள் இல்லாவிட்டால் அரசாங்கத்துக் கார் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும். யார் வீடு, எத்தனை வீடு என்று யாராலும் சொல்ல முடியாது. மார்வாவுக்கு அது தெரியும். ஜமைக்காவிலிருந்து வந்த மறுவருடமே தாயைப் பறிகொடுத்து, ஏழு வீட்டில் வளர்ந்தவள் அவள்.

“ஏழாவது வீட்டுல நான் ஐஸ்பெட்டியத் திறக்கணும்னா கேட்டுட்டுத்தான் திறக்கணும்” என்றாள் மார்வா. “என் பொண்ணு யாரையும் கேக்காம ஐஸ்பெட்டியத் திறக்கணும். அவ்வளவுதான் எனக்கு.”

“ரெண்டு மாசமா அவதான் என் ஐஸ்பெட்டியக் காலி பண்றா” என்றாள் இசில்டா, மார்வாவின் காலைத் தேய்த்துவிட்டபடி. பெரிய உடம்பு; அதைவிடப் பெரிய கண்டிப்பு. பெர்னிஸை ஏற இறங்கப் பார்த்தாள். “தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் பாப்பேன். காசு வாங்காம எதுக்கும்மா செய்யறீங்க? போட்டோ எடுக்கவா?”

“போட்டோவும் கேட்டிருக்காங்க” என்றாள் பெர்னிஸ். பொய் சொல்ல வரவில்லை.

“அப்ப சீக்கிரம் முடிச்சுக் குடுத்துட்டு எடுங்க.”

பெர்னிஸ் ஆபீஸ் ஆட்கள் திரும்பிப்போன சேதியைச் சொன்னாள். தான் ஒரு சாட்சியாக நிற்கலாம் என்றும், பிள்ளையை ஏற்கப்போகிற இசில்டா சாட்சியாக முடியாது என்றும், இன்னும் ஒரே ஒரு ஆள் போதும் என்றும் சொன்னாள்.

“நர்ஸ் கொலீன் இருக்காளே” என்றாள் மார்வா. “தங்கமான பொண்ணு.”

கொலீன் வாசலில்தான் நின்றிருந்தாள், ஊசியோடு. அவள் கண் கலங்கிவிட்டது.

“போட்டுடலாம்னுதான் கை துடிக்குது. ஆனா போன வருஷம் கீழ் மாடியில ஒரு பொண்ணு, பாவப்பட்டு ஒரு தாத்தாவோட உயில்ல சாட்சி போட்டா. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் பசங்க ரெண்டு பேரும் காலேஜ்ல இருக்காங்க, மேடம். அங்க பாருங்க, ஒட்டியே வெச்சிருக்காங்க.”

நர்ஸ் மேசைக்குப் பின்னால் கண்ணாடித்தாளுக்குள் ஒரு அறிவிப்பு. பெர்னிஸ் கிட்டே போய்ப் படித்தாள்.

‘எந்தப் பணியாளரும், எந்தச் சூழ்நிலையிலும், நோயாளியின் சொந்த ஆவணங்களில் சாட்சியாகக் கையெழுத்திடக் கூடாது.’

திருவிழாக் கூட்டத்தில் தன் பிள்ளையின் குரல் தாய்க்குத் தெரியாமல் போகுமா? அது அவள் எழுதிய வரி. பதினாறு வருடம் முன்பு, யாரோ ஒரு நர்ஸை ஒரு சொத்து வழக்கில் இழுத்த பிறகு, ஆஸ்பத்திரிகளுக்கு அறிவுரையாக எழுதியது. முதலில் ‘வழக்கமாக’ என்று தொடங்கியிருந்தாள். ‘வழக்கமாக, பணியாளர்கள் கையெழுத்திடக் கூடாது.’ வக்கீல்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வாக்கியத்தில் சந்து தெரிந்தாலும் அடைக்காமல் தூக்கம் வராது. சிவப்புப் பேனாவால் ‘வழக்கமாக’வை அடித்துவிட்டு, ‘எந்தச் சூழ்நிலையிலும்’ என்று போட்டாள். பலே என்று பாராட்டினார்கள். பதினோரு ஆஸ்பத்திரிகள் அப்படியே எடுத்துக்கொண்டன.

“இத எழுதினது நான்” என்றாள்.

கொலீன் அவளையே பார்த்தாள். “அப்ப அழிங்க.”

பெர்னிஸ் டக்குக்குப் போன் போட்டாள். மூச்சு விடாமல் சொன்னாள். அவர் நல்ல மனுஷன்தான், பொறுமையாகக் கேட்டார்.

“நீ சொல்றது நியாயம் பெர்னிஸ். ஆனா ஒரு ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு விலக்குக் குடுத்தா மத்த பத்தும் கேக்கும். திங்கக்கிழமை கமிட்டியில வெப்போம்.”

“திங்கக்கிழமை இவங்க இருக்க மாட்டாங்க டக்.”

“எனக்குப் புரியுது...”

புரிகிறவர்களால் என்ன பிரயோஜனம்? பெர்னிஸ் போனைப் பைக்குள் போட்டாள். உள்ளேயிருந்து மார்வா முனகுவது கேட்டது. நாலாவது மணியாக அவள் மருந்தில்லாமல் கிடக்கிறாள். இனி எவ்வளவு நேரம் தாங்குவாள்? மயங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது.

பெர்னிஸ் மாடிப்படியில் இறங்கி ஓடினாள். ஐம்பத்து மூன்று வயசு, முழங்கால் ஒத்துழைக்காது; ஓடினாள். பனி என்று பார்வையாளர்களை வரவேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. வாசல் காவலாளி கழுத்தில் ஆஸ்பத்திரிப் பணியாளர் அட்டை. காபிக் கடைப் பெண் கழுத்திலும் அதே அட்டை. தரை துடைப்பவர் கழுத்திலும். அவள் எழுதிய வரி ஒவ்வொரு கழுத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு கோட்டுகூட இல்லாமல் வெளியே வந்தாள்.

வாசலில் பனி தள்ளுகிற வண்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் கண்ணாடியை இறக்கினான்.

“அம்மா! செத்துப்போவீங்க, உள்ள போங்க!”

“நீங்க ஆஸ்பத்திரி ஆளா?”

“நானா? நான் காண்டிராக்ட்காரன். இவங்க எனக்கு ஒரு காபிகூடக் குடுத்ததில்ல.”

பெர்னிஸுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அவன் பயந்துபோய் வண்டியை அணைத்தான்.

வில்ஃப்ரெடோ என்று பெயர். பனி ஒழுகும் பூட்ஸோடு அவன் அறைக்குள் நுழைந்ததும் இசில்டா, “தரையப் பாரு, தரைய!” என்றாள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றான்.

மார்வாவின் கண் பாதி மூடியிருந்தது. பெர்னிஸ் குனிந்தாள்.

“மார்வா, இந்தத் தாள் எதுக்குன்னு உங்க வாயால சொல்லணும்.”

மூச்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. இசில்டா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாலும் கெட்டுப்போகும் என்று அவளுக்கும் தெரியும்.

“கெஸியா...” என்றாள் மார்வா. “கெஸியா இசில்டாகிட்ட. வேற எந்த வீட்டுக்கும் இல்ல.”

பேனா அவள் விரலில் நிற்கவில்லை. இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் தடவை ‘மார்’ வரைக்கும் எழுதினாள். அதற்குமேல் கோடு இழுத்துக்கொண்டு தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது.

“செல்லுமா?” என்றாள் இசில்டா.

“செல்லும். அவங்க கையால போட்ட கோடு போதும்.”

பெர்னிஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். வில்ஃப்ரெடோ கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதினான்.

“இப்ப குடு, தாயி” என்றாள் மார்வா. கொலீன் ஓடிவந்து ஊசியைப் போட்டாள். சற்று நேரத்தில் போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

பனியினால் கெஸியாவின் பள்ளிக்கூடத்தை இரண்டரைக்கே விடுவதாகச் செய்தி வந்தது. வில்ஃப்ரெடோ, “என் வண்டிதான் இன்னிக்கு இந்த ஊர்ல ஓடும். ஏறுங்க சிஸ்டர்” என்றான். இசில்டா தாளை ரொட்டிப் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“பல்லு பரவால்ல” என்றாள் பெர்னிஸிடம்.

அறையில் மார்வாவோடு பெர்னிஸ் மட்டும் இருந்தாள். இசில்டா பிள்ளையோடு திரும்பும்வரை மார்வா மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டுமே என்று அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. டக்.

“ஏதாவது வழி கிடைச்சுதா?”

“பனி தள்ளுற ஆள் கிடைச்சான். நாளைக்கு வேற வார்டுல வேற ஒருத்தி கிடப்பா டக். அன்னிக்குப் பனி பெய்யாது, பனி தள்ளுற ஆளும் வர மாட்டான்.”

அவர் தொண்டையைச் செருமினார். “மலர் அச்சுக்குப் போகுது. உன் ஐம்பது வார்த்தை...”

“ஒரு வார்த்தைதான் இருக்கு. ‘வழக்கமாக’. அத நான் அடிச்ச எடத்துல திரும்பப் போடணும். திங்கக்கிழமை கமிட்டிக்கு நானே வர்றேன்.”

கட்டிலில் மூச்சு ஒரு கணம் நின்றது. பெர்னிஸ் போனைக் கீழே வைத்தாள். மூச்சு மறுபடி வந்தது. தூரத்தில் எங்கோ பனிவண்டி உறுமுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, மார்வாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.