வடிவின் தொண்டை

மாதேஸ்வர சாமி மேல் தானே கட்டிய பாட்டைப் பதிவு செய்ய வடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளியிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்து, பன்னிரண்டு வருஷமாக ஊதுபத்திக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். குவெம்புநகரில் ஒரு வீட்டின் பின்னறைதான், பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் அனுப்ரியாவின் ஸ்டுடியோ. வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் நின்றாள்.

நன்றாகவே பாடினாள். சரணத்தில் மேலே போகிற இடங்களில் மட்டும் சுருதி கொஞ்சம் இறங்கியது. இன்னொரு தடவை பாடச் சொல்லியிருக்கலாம். வெளியே அடுத்த ஆள் காத்திருந்ததால் அனுப்ரியா சொல்லவில்லை. மறுநாள் கம்ப்யூட்டரில் பாட்டைத் திறந்து சுருதி திருத்தும் பிளகினைப் போட்டாள். திரையில் ஒவ்வொரு ஸ்வரமும் சின்னக் கட்டையாகத் தெரியும். கோட்டுக்குக் கீழே தொங்கியதையெல்லாம் மவுஸால் பிடித்து மேலே ஏற்றினாள். இருபது நிமிஷ வேலை. எல்லோருக்கும் செய்வதுதான், யாரிடமும் சொல்வதில்லை.

கேட்டதும் வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். "நானா கண்ணு இது? எனக்கு இப்படியெல்லாம் வருமா?"

"உங்க குரல்தான் அக்கா."

பாட்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவில் பாட வடிவைக் கூப்பிட்டார்கள். அன்று சவுண்டு அனுப்ரியாவின் பொறுப்பு. சரணத்தில் குரல் இறங்கியது. வடிவுக்கே கேட்டுவிட்டது. நிறுத்தி மறுபடி எடுத்தாள். மறுபடியும் இறங்கியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "போன்ல பாடினது வேற ஆளு போல," என்றது ஒரு குரல்.

மேடையிலிருந்து இறங்கியவள் நேராக அனுப்ரியாவிடம் வந்தாள். "தொண்டைக்கு என்னமோ ஆயிருச்சு கண்ணு. அன்னைக்கு வந்தது இன்னைக்கு ஏன் வரல?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். "தூசியா இருக்கும் அக்கா. ஊதுபத்திப் பொடி," என்று அனுப்ரியாவின் வாய் தானாகச் சொன்னது.

இரண்டு மாதம் கழித்து மார்க்கெட்டில் வடிவைப் பார்த்தாள்.

"கம்பெனிய விட்டுட்டேன் கண்ணு. நீ சொன்னது சரிதான், அந்தப் பொடிதான். ஆஸ்பத்திரியில குழாய் விட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னாங்க. பாடுற குரலப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? இப்ப ஒரு ஹாஸ்டல்ல பாத்திரம் கழுவுறேன். வெந்நீர்தான் குடிக்கிறேன். இன்னும் திரும்பல."

அனுப்ரியாவுக்குக் காது ரெண்டும் சுட்டது. கையிலிருந்த பையைப் பார்த்தபடி, "நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வர்றீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் இரண்டையும் போட்டுக் காட்டினாள். "இது நீங்க பாடினது. இது நான் மாத்தினது. உங்க தொண்டைக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு." சொன்ன பிறகுதான் அது வடிவின் காதில் எப்படி விழும் என்பது உறைத்தது.

வடிவு முதலாவதை மறுபடி போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை.

"இதுவும் நல்லாத்தானே இருக்கு? இதையே குடுத்திருந்தா சந்தோஷமா வாங்கிட்டுப் போயிருப்பேனே."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"என் இடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சு." அவள் சத்தம் போடவில்லை. எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எங்கிட்டச் சொல்லிட்ட. அன்னைக்குச் சிரிச்சாங்களே, அவங்ககிட்ட?"

அன்று சாயங்காலமே விழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் இரண்டு பதிவுகளையும் போட்டு, தான் செய்ததையும் பொய் சொன்னதையும் தன் குரலிலேயே பேசி அனுப்பினாள். நாலு தடவை பேசி அழித்த பிறகுதான் ஐந்தாவதை அனுப்ப முடிந்தது. "அப்போ என் பொண்ணு பாட்டுலயும் கை வச்சியா?" என்று ஒருத்தர் கேட்டார். ஆமாம் என்று எழுதினாள். அதன் பிறகு அந்தக் குழுவிலிருந்து யாரும் பதிவுக்கு வரவில்லை.

வடிவின் வேலைக்காக ஊதுபத்திக் கம்பெனி சூப்பர்வைசர் முனிராஜைப் போய்ப் பார்த்தாள். முதல் தடவை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே பேசி அனுப்பினார். மூன்றாவது தடவை உட்காரச் சொல்லி முழுக்கக் கேட்டார். மழைக்காலத்தில் வடிவை மறுபடி எடுத்துக்கொண்டார்கள், புது ஆளாக. பன்னிரண்டு வருஷம் கணக்கில் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் ஹாலில் வடிவு பாடுகிறாள் என்று முனிராஜ் ஒரு நாள் சொன்னார். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்களாம். நானும் ஒரு நாள் வரட்டுமா என்று வடிவிடம் கேட்க அனுப்ரியாவுக்கு இன்னும் வாய் வரவில்லை.