பேயாண்டிக்குப் புத்தி நாலு

செல்லூரில் விசைத்தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் கார்டு எழுதித் தபாலில் போடுவதுதான் வழக்கம். ஆகவே கரண்ட் விடாத சனிக்கிழமைகளில் மட்டும் வெள்ளைத்துரையின் தறிக்கூடத்தில் அந்த ஆட்டம் நடந்தது. வருஷம் எண்பத்து மூன்று. மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஞானசீலனின் தம்பிக்குக் கப்பலில் வேலை. அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்த, அந்தக் கதை ஆட்டத்தின் இங்கிலீஷ் விதிப்புத்தகத்தை வாத்தியார் நாலு நோட்டில் தமிழில் எழுதி, பைபிளுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

ஆளுக்கொரு கற்பனை வீரன். அவனுடைய பலம், புத்தி எல்லாம் மூன்று பகடையில் விழுந்த எண்களின் கூட்டுத்தொகைதான். அவன் என்ன செய்கிறான் என்பதை ஆடுகிறவர் வாயால் சொல்ல வேண்டும். எதிரிகள் அத்தனை பேருக்கும் வாத்தியாரே வாய். வீரன் செத்தால் ஆடுகிறவர் எழுந்து போய்விட வேண்டும். வேறொருவர் வந்து உட்காருவார்.

சுருளி எட்டாவதோடு தறிக்கு வந்தவன். "நீ என்ன செய்றே சுருளி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக ஒரு வாத்தியாரே காத்திருக்கிற இடம் அவனுக்கு உலகத்தில் இது ஒன்றுதான். அதை விட்டுவிட அவன் தயாராக இல்லை.

கஷ்டம் என்னவென்றால், அவனுடைய வீரன் பேயாண்டிக்குப் பலம் பதினெட்டு, புத்தி நாலு. பத்து மாதமாகச் சுருளி சொன்ன நல்ல யோசனை ஒவ்வொன்றுக்கும் வாத்தியாரின் தீர்ப்பு ஒன்றேதான். "அது ஒன் புத்தி. பேயாண்டி புத்தி இல்ல. செல்லாது."

அன்றைக்குக் குகைக்குள் ஒரு மந்திரவாதி வழிமறித்தான். புத்தி பதினேழு. வாத்தியார் எழுந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஆதிகாலத்துப் பாஷையில ஒரு கட்டளை போடுறான். 'மண்டியிடு!' காதுல விழுந்து அர்த்தம் புரிஞ்சவன் எவனும் நிக்க முடியாது."

டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கும் விக்டோரியா வாத்தியாரின் தங்கை. அவளுடைய சூனியக்காரிக்குப் பன்னிரண்டு பாஷை தெரியும். முதலில் விழுந்தது அவள்தான். வெள்ளைத்துரையின் திருடனுக்கு மூன்று பாஷை. அவனும் விழுந்தான்.

"செத்தானாண்ணே?" வாசலில் நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த கருத்தக்கண்ணன் கழுத்தை நீட்டினான். எட்டு வாரமாக இடத்துக்குக் காத்திருக்கிறவன்.

"பொறுப்பா, அவசரப்படாத," என்றான் வெள்ளைத்துரை.

"பேயாண்டியும் மண்டி போட்டான்," என்றார் வாத்தியார். "அடுத்த மூச்சுல மூணு பேரு தலையும்..."

"சார்," என்றான் சுருளி. "பேயாண்டிக்கு எத்தன பாஷை தெரியும்?"

வாத்தியார் நோட்டைப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. கணக்கில் ஒரு மார்க்கைக்கூடக் கூட்டியோ குறைத்தோ போட்டறியாத மனிதர். தங்கை பையனையே இரண்டு தடவை ஃபெயிலாக்கியவர்.

"ஒண்ணு," என்றார் கடைசியில். "அதுலயும் முக்கால்வாசிதான்."

"அப்ப அவன் நிக்கிறான்."

"நிக்கிறான். ஆனா ஒரே ஒரு மூச்சுதான். அப்புறம் மந்திரவாதி அக்கினிய எடுத்தான்னா சாம்பல்தான். என்ன செய்றே?"

"மாப்ள, கதாயுதத்தால மண்டையில போடு!" என்றான் வெள்ளைத்துரை.

"முப்பது அடி தள்ளி நிக்கிறான். எட்டாது," என்றார் வாத்தியார்.

சுருளியின் மண்டைக்குள் ஏழு யோசனைகள் வரிசையில் நின்றன. மேலே தொங்கும் விளக்கு, காலடியில் கம்பளம், கதாயுதத்தை வீசியெறிவது. ஒவ்வொன்றும் அருமை, ஒவ்வொன்றும் செல்லாது. நாலு புத்திக்காரன் என்னதான் செய்வான்? கண்ணை மூடிப் பார்த்தான். அப்படியே எதிராளியின் பதினேழு புத்திக்குள்ளும் போய்ப் பார்த்தான்.

"ஒண்ணும் செய்யல சார். வாயப் பொளந்துக்கிட்டு அவனையே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"லேய், கிறுக்கா!" வெள்ளைத்துரை தலையில் அடித்துக்கொண்டான். கருத்தக்கண்ணன் மூட்டையைவிட்டு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான்.

வாத்தியார் உட்கார்ந்தார். "இது நீ போட்ட திட்டம்," என்றார்.

"சும்மா நிக்கிறதுக்கு எம்புட்டு புத்தி சார் வேணும்?"

"இரு. மந்திரவாதி யோசிக்கணும்." பென்சிலை எடுத்துத் தாளில் எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் நிறைந்தது. திருப்பி எழுதினார். நெற்றி வியர்வை தாளில் சொட்டியது.

"அண்ணே, என்னதான் ஆச்சு?" என்றாள் விக்டோரியா.

"எரநூறு வருஷமா அந்தக் கட்டளைக்கு அடங்காதவன் ஒருத்தன்கூட இல்ல," என்றார் வாத்தியார் மெதுவாக. "அவனோட குருவத் தவிர. இவன் நிக்கிறான். ஆயுதத்த ஓங்கல. பயந்து ஓடல. சும்மா வேடிக்க பாக்குறான். மடையனா இருந்தா மந்திரவாதி அக்கினிய எறிஞ்சிருப்பான். பதினேழு புத்தி இருக்கே... கணக்குப் போட்டுப் பாக்குறான். இவன் குருவுக்குச் சமமான ஆளா இருக்கணும்னு வருது." பென்சிலைக் கீழே வைத்தார். "பின்வாசல் வழியா ஓடிட்டான்."

விக்டோரியா கைதட்டினாள். கருத்தக்கண்ணன் மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வாத்தியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுருளியை நேராகப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, இப்ப பேயாண்டி என்ன செய்றான்?"

"அப்படியேதான் நிக்கிறான் சார்," என்றான் சுருளி. "எதிராளி போனது அவனுக்கு இன்னும் தெரியல."